இரண்டு டியூபில் ஒரே நாய்

போன மாதம் எங்கள் பழைய லேபிலிருந்து போன் வந்தது. கைக்குள் அடங்குகிற ஒரு பெட்டி புதிதாக வாங்கியிருக்கிறார்களாம். கணினியில் செருகி ஒரு சொட்டு விட்டால் உயிரின் எழுத்துகளை அதுவே படித்துச் சொல்லிவிடுமாம். "அண்ணே, நீங்க நாய் புராஜெக்ட்ல இருந்தப்ப எப்படிச் செஞ்சீங்க? ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்றாள் சுமதி. இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். நாலு பக்கத்தில் நான் எதையாவது சொல்லி முடித்தால் ஊருக்கே சர்க்கரைப் பொங்கல் வைப்பதாக என் மனைவி உள்ளேயிருந்து சொன்னாள். ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கதையை வாயால் சொல்லும்போது ஒரு இடத்தில் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். எழுதினால் யாருக்கும் தெரியாது.

நான் மாரிமுத்து. போர்ட் பிளேரில் ஒரு கால்நடை ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பிறந்தது இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில். பதினாறு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் கிடந்து, அங்கிருந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். கச்சால் நிக்கோபாரில் இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து இரண்டு நாள் கப்பல். அங்கே நான் பார்த்த முதல் வேலை மரத்துப் பாலை வாளியில் சுமப்பது. பால் உறையாமலிருக்க அம்மோனியா விட்டு வேகமாகக் கலக்க வேண்டும். பிறகு லேபில் அட்டெண்டராகச் சேர்ந்தபோது ரத்தம் உறையாமலிருக்க மருந்து தடவிய டியூபைக் கையில் கொடுத்தார்கள். பழக்க தோஷத்தில் அதையும் போட்டு அப்படிக் குலுக்கினேன். "இது ரப்பர் பால் இல்லை மாரிமுத்துஜி, உள்ளே இருப்பது உடையும்" என்று டியூபை வாங்கி, எட்டு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் காட்டினார் மித்ரா மேடம். என் படிப்பு, பயிற்சி எல்லாம் அந்த எட்டு முறைக்குள் அடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மித்ரா மேடம் எங்கள் தலைமை விஞ்ஞானி. வட அந்தமானில் டிக்லிப்பூர் பக்கம் குடியேறிய வங்காளிக் குடும்பத்துப் பெண். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. தப்பு நடந்தால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். பிறகு "ஹாத் ஸே திகாவ்" என்பார். கையால் செய்து காட்டு என்று அர்த்தம். வாய் தனக்குச் சாதகமாகப் பேசும், கை அப்படி மாற்றிச் செய்யாது என்பது அவர் கணக்கு. வெறும் டியூபை வைத்துக்கொண்டு, நேற்று செய்ததை அவர் முன்னால் முதலிலிருந்து அப்படியே செய்து காட்ட வேண்டும். நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்றிருக்கும்.

சுனாமி முடிந்து பத்து வருடம் ஆகியிருந்தபோது நாய் புராஜெக்ட் வந்தது. நிக்கோபார் தீவுகளில் பன்றி வேட்டைக்குக் கூட்டிப்போகிற ஒரு நாய் உண்டு. செம்பழுப்பு நிறம், கூர் காது, ஒல்லி உடம்பு. எத்தனை தலைமுறையாக அந்தத் தீவுகளில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அலையில் ஏராளமான நாய்கள் போய்விட்டன. பிறகு நிவாரணக் கப்பலோடும் வீடு கட்ட வந்தவர்களோடும் மெயின்லாண்ட் நாய்கள் வந்து கலந்துவிட்டன. பழைய ரத்தம் இன்னும் மிச்சமிருக்கிறதா? இருந்தால், கலப்பில்லாத ஒரு நாயின் மொத்த மரபணுவையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்து வைத்துவிட வேண்டும். இதுதான் வேலை.

ஒரு நாயின் உடம்பில் இருநூற்று நாற்பது கோடி எழுத்து இருக்கிறது என்று மெயின்லாண்டிலிருந்து வந்த கணினிக்காரர் நம்பியார் சார் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவர் ஒரே நாள் செய்தித்தாளில் பத்துப் பிரதிகளை வாங்கி வந்து எங்கள் முன்னால் தாறுமாறாகக் கிழித்துக் கொட்டினார். "மெஷின் துண்டு துண்டாத்தான் படிக்கும். ஒரு துண்டோட கடைசி வரியும் இன்னொரு துண்டோட முதல் வரியும் ஒண்ணா இருந்தா ஒட்டணும். அப்படியே ஒட்டி ஒட்டி முழுப் பேப்பரையும் திரும்பக் கொண்டுவரணும்" என்றார். ஒரே வரி நூறு இடத்தில் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் என்னை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அதுக்குத்தான் நீளமான துண்டு வேணும். அது உங்க கையில இருக்கு."

நீளமான துண்டு வேண்டுமென்றால் ரத்தம் கெடாமல் வந்து சேர வேண்டும். உறைய வைக்கக் கூடாது, வெயில் படக் கூடாது, குலுங்கக் கூடாது. கச்சாலிலிருந்து போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே துறைமுகம் வரைக்கும் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கப்பலில் போகிறவன் வருகிறவன் எல்லாம் "க்யா மச்சி ஹை அண்ணே, என்ன மீன், சுறாவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நாய் ரத்தம் என்றால் பக்கத்து இடம் காலியாகிவிடும். ஆமாம், சுறா என்று சொல்லிவிட்டேன்.

லேபில் செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன் சுமதி, உனக்குத்தான். ரத்தத்தின் வெள்ளை அணுக்களைப் பிரித்து, சோப்பு மாதிரி ஒரு கரைசலில் உடைத்து, புரதத்தைத் தின்கிற மருந்தை விட்டு, வெதுவெதுப்பில் வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அவசரமே கூடாது. உறிஞ்சுகிற பிளாஸ்டிக் முனையைக் கத்தரியால் வெட்டி வாயை அகலமாக்கிக்கொள்வேன். குறுகிய வாயில் போனால் நூல் அறுந்துவிடும். கடைசியில் குளிர்ந்த எரிசாராயத்தை டியூபின் ஓரமாக வழிய விட வேண்டும். விட்டேன். இரண்டு திரவமும் சந்திக்கிற இடத்தில் இலவம்பஞ்சு பிரிந்தது மாதிரி வெள்ளையாக ஒன்று எழும்பியது. கண்ணாடிக் குச்சியால் மெல்லச் சுற்றினேன். நூலாகச் சுற்றிக்கொண்டு வந்தது. அந்த நாயின் காது, கால், மோப்பம், பன்றியைக் கண்டால் வருகிற ஆத்திரம் எல்லாம் என் கையிலிருந்த குச்சி நுனியில் தொங்கியது. மேடம் கண்ணாடியைக் கழற்றினார். நான் பயந்துபோனேன். அவர் துடைத்தது கண்ணை.

அந்த நாய் எங்கள் பட்டியலில் நாலாம் எண். கச்சாலில் ஐசக் என்பவருடைய பெட்டை. ஐசக் அண்ணன் நிக்கோபாரி, என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். கடலோரக் கிராமங்களை அலை கொண்டுபோன பிறகு மேட்டில் கட்டிக்கொடுத்த தகரக் கூரை வீட்டில் தனியாக இருந்தார். ஊர்த் தலைவரைக் கேப்டன் என்பார்கள். அவர் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு ஊசிகூடப் போட முடியாது. கேப்டன்தான் என்னை ஐசக்கிடம் கூட்டிப்போனார். நாயின் பெயர் கேட்டேன். "பேர் இல்ல. சீட்டி அடிப்பேன், வரும்" என்றார் ஐசக். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "சுனாமிக்கு பாத்ல, அதுக்கப்புறம் வந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் உரிக்கத் திரும்பிக்கொண்டார்.

அங்கே வளர்ந்தவன் நான். அந்த மக்கள் திரும்பிக்கொண்டால் மேலே கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை. சுனாமிக்குப் பிறகு பிறந்தது, வயது ஏழு எட்டு இருக்கலாம் என்று எழுதிக்கொண்டேன். பல்லைப் பார்த்தேன், நன்றாகத் தேய்ந்திருந்தது. வேட்டை நாய், எலும்பு கடித்துத் தேய்ந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேறு யாராவது போயிருந்தால் நாகரிகம் தெரியாமல் நாலு கேள்வி கூடுதலாகக் கேட்டிருப்பான். வேலை சரியாக நடந்திருக்கும்.

முதல் சோதனையில் அந்த நாலாம் எண்தான் கலப்பே இல்லாத நாய் என்று தெரிந்தது. முழு மரபணுவும் படிக்க அதையே தேர்ந்தெடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ரத்தமும் கொஞ்சம் எங்களிடம் இருந்தது. சுனாமிக்குச் சில மாதம் முன்னால் எலிக்காய்ச்சல் கணக்கெடுப்புக்காகத் தீவு தீவாகப் போய் நானே எடுத்தது. அது பிழைத்ததே ஒரு கூத்து. பூகம்பத்தில் போர்ட் பிளேரில் கரண்ட் போனதும், ஜங்லிகாட் மீன் ஜெட்டியிலிருந்து ஐஸ் வாங்கி உப்பைக் கலந்து ஃப்ரீசருக்குள் அடைத்துக்கொண்டே இருந்தேன். கச்சாலில் என் அண்ணன் குடும்பம் இருக்கிறதா இல்லையா என்று தகவல் வராத நாட்கள். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். தோட்டம் மேட்டில் இருந்ததால் அவர்கள் பிழைத்தார்கள். டியூபுகளும் பிழைத்தன.

ஒரு திங்கட்கிழமை நம்பியார் சார் ஒரு தாளோடு மேடத்தின் அறைக்கு வந்தார். என்னையும் கூப்பிட்டார்கள். பழைய டியூப்களில் பதினேழாம் எண்ணும் புதிய நாலாம் எண்ணும் ஒரே நாய் என்றார். "தாயும் மகளும்னா பாதி ஒத்துப்போகும். கூடப்பிறந்ததும் ஏறத்தாழ அப்படித்தான். இது எல்லா இடத்திலயும் ஒத்துப்போகுது. இது ரெண்டு நாய் இல்லை." பதினேழாம் எண் கச்சால் மேற்குக் கரையில் அலை அடித்துக்கொண்டுபோன கிராமத்து நாய். நாலாம் எண் சுனாமிக்குப் பிறகு பிறந்தது என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அவர் மேலே சொல்லத் தயங்கியதை நானே சொன்னேன். பழைய டியூப் கரண்ட் போனபோது கெட்டுவிட்டது, அதை மறைக்கப் புது ரத்தத்தை ஊற்றி வைத்துவிட்டேன், அப்படித்தானே சார்? அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

காரணம் தெரியாவிட்டால் அந்த நாயை விட்டுவிட வேண்டும். நான் எடுத்த எல்லாச் சாம்பிளையும் விட வேண்டும். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது. முப்பது வருடம் பார்த்த வேலைக்குக் கடைசியில் கிடைக்கப்போகிற பெயர் பித்தலாட்டக்காரன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன் என்று சொன்னால் பொய். அழுதேன்.

மேடம் என்னை அழுது முடிக்க விட்டார். பிறகு வெறும் டியூப்களைக் கொண்டுவரச் சொன்னார். "ஹாத் ஸே திகாவ்." பெரிய மேஜையின் ஒரு பக்கம் பழைய கணக்கெடுப்பு, இன்னொரு பக்கம் புதியது. பஞ்சால் துடைத்தது, ஊசி போட்டது, எட்டு முறை கவிழ்த்தது, லேபிள் ஒட்டியது, எந்தத் தட்டில் எந்த வரிசையில் வைத்தது, ஃப்ரீசரை எத்தனை தடவை திறந்தது என்று இரண்டு மணி நேரம் செய்து காட்டினேன். நம்பியார் சாரும் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் மேடம் சொன்னார்: "இவர் கையில் தப்பு இல்லை. அப்படியானால் தப்பு நாயில் இருக்கிறது. பழைய ரிஜிஸ்டரை எடுங்கள்."

பதினேழாம் வரி. என் கையெழுத்துதான். செம்பழுப்புப் பெட்டைக் குட்டி, வயது ஐந்து மாதம். உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு பெண் குழந்தையின் பெயர். நாயின் பெயர் என்ற இடத்திலும் அதே பெயர். படித்ததும் அந்த நாள் எனக்கு முழுசாகத் திரும்பி வந்தது. எட்டு ஒன்பது வயசுப் பெண். நான் ஊசி போடும்போது குட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். உன் பெயரை எழுதிவிட்டேன், இதன் பெயர் என்ன என்று கேட்டதற்கு, "இஸ்கா பீ வஹீ நாம், லிக்கோ நா" என்றாள். இதுக்கும் அதே பெயர்தான், எழுது என்று. ஊரே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன். பெயருக்குக் கீழே, தகப்பன் பெயர்: ஐசக்.

கச்சாலில் ஐசக் பத்துப் பேர் இருப்பார்கள். ஆனாலும் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மக்களில் பலர் இறந்தவர் பெயரை நெடுங்காலம் வாயால் சொல்ல மாட்டார்கள். உயிரோடு இருக்கிற ஒருவருக்கு அதே பெயர் இருந்தால் அவர் பெயரை மாற்றிக்கொள்வார். பெயர் இல்லை, சீட்டி அடிப்பேன் என்று அவர் சொன்னது ஏன் என்று அப்போது தெரிந்தது. சுனாமிக்குப் பிறகு வந்தது என்றதும் உண்மைதான். பிறந்தது என்று எழுதியவன் நான்.

அடுத்த கப்பலில் போனேன். கேப்டன் கூட வந்தார். ஐசக் அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு அடியில் நிழலில் நாய் படுத்திருந்தது. ரிஜிஸ்டரைப் பையிலிருந்து எடுக்கவே எனக்கு மனம் வரவில்லை.

"பழைய ரத்தமும் இந்த ரத்தமும் ஒண்ணுன்னு மெஷின் சொல்லுது அண்ணே. நான் கள்ளத்தனம் பண்ணிட்டேன்னு சந்தேகப்படுறாங்க" என்றேன்.

அவர் என் கையிலிருந்த பையைப் பார்த்தார். "ரத்தத்துல எழுதியிருக்கா?"

"ஆமா."

"அலை அடிச்சா, ஊர் போனா, பேர் போனா... அது பதல்தா நஹீ?"

"மாறாது அண்ணே. சாகிற வரைக்கும் ஒரே எழுத்துதான்."

அவர் திரும்பி நாயைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் கோயிலில்தான் பார்த்திருக்கிறேன். பிறகு தன் பாட்டுக்குச் சொல்ல ஆரம்பித்தார். அன்றைக்குக் காலையில் அவர் காட்டில் இருந்தார். திரும்பி வந்தபோது கிராமம் இருந்த இடத்தில் கடல் இருந்தது. மூன்றாம் நாள் ரப்பர் தோட்டத்து மேட்டில் இந்தக் குட்டி தனியாக உட்கார்ந்திருந்தது, உடம்பெல்லாம் உப்பு. எப்படி வந்தது என்று தெரியாது. "அவ பிடிச்சிட்டு இருந்திருப்பா. கடைசில விட்டிருப்பா."

"பேரைச் சொல்லச் சொல்றியா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. நான் கேக்க மாட்டேன். இது அந்த ஊர் நாய்தான்னு ஒரு வார்த்தை போதும்."

"நான் சொன்னா நம்புவாங்களா? மாரிமுத்துக்காக ஜூட் போல்றான், பொய் சொல்றான்னு சொல்வாங்க. கேப்டன் பார்க்கட்டும். நாயே சொல்லட்டும்."

என் அறிக்கை மூன்றே வரி. நாலாம் எண்ணும் பதினேழாம் எண்ணும் ஒரே நாய். வயதைத் தவறாக எழுதியது நான். ஊர்க் கேப்டன் நேரில் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார். மேடம் படித்துவிட்டு அதை ஃபைலில் வைத்தார். நம்பியார் சார் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்த நாயின் எழுத்துகளைக் கோத்து முடிக்கப் பல மாதம் ஆயிற்று. முழுசாகக் கோத்த அன்று, அலையைத் தாண்டி வந்த அந்த இருநூற்று நாற்பது கோடி எழுத்தும் திரையில் ஓடியதை எல்லோரும் நின்றுகொண்டே பார்த்தோம். அதற்கு ஒரு எண்தான் கொடுத்திருக்கிறார்கள். பெயர்க் கட்டத்தை மேடம் காலியாக விட்டார். நானும் இங்கே எழுதவில்லை.

கேப்டன் எதைப் பார்த்துக் கையெழுத்திட்டார் என்பது அறிக்கையில் இல்லை. அதைத்தான் சொல்லி முடிக்கிறேன்.

ஐசக் அண்ணன் எழுந்து வாசற்படியைவிட்டு இறங்கி, நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கேப்டன் தலையிலிருந்த தொப்பியை எடுத்தார். சாதாரணக் குரலில், சாப்பிடக் கூப்பிடுவதுபோல, ஐசக் அந்தப் பெயரைச் சொன்னார். நாய் தலையைத் தூக்கியது. காது இரண்டும் நிமிர்ந்தன. கிழ நாய், பின்னங்கால் சரியாக வராது. அது எழுந்து ஓடியது. ஐசக்கிடம் போகவில்லை. அவரைத் தாண்டிப் பாதைக்கு ஓடி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, வாலை ஆட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றி ஓடி, கதவுக்குள் எட்டிப் பார்த்து, கேப்டனை மோந்து, என்னை மோந்து, மறுபடி பாதைக்கு ஓடியது. தேடியது. அவள் வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டது. நானும் கேப்டனும் வாய்விட்டு அழுதோம். ஐசக் மட்டும் அழவில்லை. பாதை முனையில் நின்றிருந்த நாயிடம் நடந்துபோய், பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் கழுத்தை அணைத்துக்கொண்டு, காதருகே இன்னொரு தடவை அந்தப் பெயரைச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. பத்து வருடத்துக்கு மேல் சொல்லாமல் வைத்திருந்த பெயரை, நாங்கள் சாயங்காலம் அங்கிருந்து கிளம்புகிற வரைக்கும் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.